வாட்டர் கூலிங் பம்ப் சத்தம்: பெட்டியில் போட்டிருக்கும் டெசிபெல்லை நம்பி வாங்கலாமா?

நள்ளிரவுக்குரல் (திருச்சி)

வணக்கம் நண்பர்களே. வீட்டிலேயே ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் பதிவு செய்கிறேன். பதிவு நேரத்தில் சீலிங் ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்திவிடுவேன். ஜன்னலில் கனமான திரை, கதவடியில் ரப்பர் பட்டை எல்லாம் உண்டு. கணினிக் கேபினட்டின் ஃபேன்களை நிமிடத்துக்கு 500 சுற்றுக்குக் குறைத்தால் அவையும் அடங்கிவிடுகின்றன. மிச்சம் இருப்பது ஏஐஓ கூலரின் (பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகச் சேர்த்து மூடி வரும் தண்ணீர்க் குளிரூட்டி) பம்ப்தான். 2800 ஆர்பிஎம்மில் ஒரே சுருதியில் ‘ம்ம்ம்’ என்று நிற்கிறது. நேரில் பெரிதாகத் தெரியாது. ஹெட்போனில் பதிவைக் கேட்டால், இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே நான் நிறுத்தும் இடத்தில் அது மட்டும் தனியாகக் கேட்கும்.

ரைசன் 9 பிராசஸர், நடுத்தரமான ஒரு கிராபிக்ஸ் கார்டு. இரண்டும் முழுச் சுமையில் ஓடினால் சேர்த்து 300 வாட் வரும். கஸ்டம் லூப்புக்கு, அதாவது பம்ப், குழாய், ரேடியேட்டரைத் தனித்தனியாக வாங்கி நாமே இணைக்கும் அமைப்புக்கு, மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன். டி5, டிடிசி, சீனத் தயாரிப்புச் சின்னப் பம்புகள் என்று மூன்று வகை கண்ணில் படுகிறது. ஒரு பெட்டியில் 25 டெசிபெல், இன்னொன்றில் 20-க்கும் கீழே என்று போட்டிருக்கிறார்கள். இந்த எண்களை வைத்து எது அமைதியானது என்று முடிவு செய்யலாமா?

திருகாணி (சென்னை)

டி5 வாங்குங்கள், வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். நான் இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். டிடிசி சின்னதாக இருக்கும், அழுத்தமும் நன்றாகக் கொடுக்கும். ஆனால் அதன் குரல் கீச்சென்று மேலே நிற்கும். டி5 அடித்தொண்டையில் முனகும், அவ்வளவுதான்.

நெக்கர்கரை (ஸ்டுட்கார்ட்)

பெட்டியில் இருக்கும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். எவ்வளவு தூரத்தில், எந்த வேகத்தில், எதன்மேல் வைத்து அளந்தார்கள் என்ற விவரம் கூடவே இருந்தால்தான் டெசிபெல்லுக்குப் பொருள் உண்டு. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். அதாவது 1 மீட்டரில் 25 என்று அளந்த பம்ப், 25 சென்டிமீட்டரில் 37 காட்டும். தூரத்தைச் சொல்லாதவரை இரண்டு பெட்டிகளை ஒப்பிடவே முடியாது. கணினிக் கருவிகளின் இரைச்சலை அளப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 7779 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதன்படி அளந்தோம் என்று எழுதியிருக்கும் பம்ப் பெட்டியைப் பார்ப்பது அரிது.

உங்கள் வேலைக்கு இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த டெசிபெல் எல்லாம் ஏ-வெயிட்டிங் போட்ட கணக்கு. மெல்லிய சத்தத்தில் மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுருதி சரியாகக் கேட்காது என்பதால், 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபெல்லையும் 250 ஹெர்ட்ஸில் 8.6 டெசிபெல்லையும் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டுவார்கள். 1000 ஹெர்ட்ஸில் எதையும் கழிப்பதில்லை. அறையில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது நியாயமான கணக்கு. உங்கள் மைக் எதையும் கழிக்காது, உள்ளதை உள்ளபடி பிடிக்கும். நேரில் தெரியாதது பதிவில் தெரிகிறது என்கிறீர்களே, அதற்கு இது ஒரு பெரிய காரணம்.

2800 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 46.7 சுற்று. இம்பெல்லரில் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தில்) 6 இதழ் இருந்தால் 280 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரம் வரும். ஆண் குரலின் அடிச்சுருதி பொதுவாக 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. அதன் இரண்டாம் மடங்கு விழுவது சரியாக இந்த 280-ஐச் சுற்றித்தான். பதிவு முடிந்தபின் சாஃப்ட்வேரில் அந்த அலைவரிசையை வெட்டினால் குரலின் கனத்தையும் சேர்த்தே வெட்டுவீர்கள். அதனால் மூலத்திலேயே சரி செய்யுங்கள்.

நள்ளிரவுக்குரல்

நன்றி அண்ணா. பதிவை ஆடாசிட்டியில் போட்டு ஸ்பெக்ட்ரம் பார்த்தேன். 280-க்கு ஒட்டி ஒரு கூர்மையான முள் நிற்கிறது. 47 பக்கத்திலும் சின்னதாக ஒன்று.

பம்ப்செட் (கோவை)

47-லும் ஒன்று தெரிகிறது என்றால் அது காற்றில் வரும் சத்தம் மட்டும் இல்லை தம்பி. சுற்றுக்கு ஒருமுறை என்ற கணக்கில் வருவது அதிர்வு. ரோட்டரின் எடை துளி சமமில்லாமல் இருந்தாலும் அந்த அலைவரிசையில் ஆட்டம் கொடுக்கும். நான் இங்கே மோட்டார் பம்புகளைச் சோதிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பம்ப் கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் போகிறது, உங்களுடையது கைக்குள் அடங்குகிறது. இயற்பியல் ஒன்றுதான்.

கைக்குள் அடங்கும் ஒரு பொருள், அதுவும் தண்ணீர் நிரம்பியது, தன்னால் பெரிய சத்தம் போட முடியாது. அவ்வளவு சின்னப் பரப்பால் தாழ்ந்த சுருதியில் காற்றைத் தள்ள இயலாது. அது யார் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். தம்புராவில் தந்தியைவிடக் குடம்தான் ஒலிக்கிறது. உங்கள் கேபினட்டின் தகடுதான் அந்தக் குடம். இதைச் சோதிப்பது எளிது. பம்ப் ஓடும்போது கேபினட்டின் பக்கத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி வையுங்கள். ரீங்காரம் மாறினால் தகடு பாடுகிறது என்று அர்த்தம். மாறாவிட்டால் பம்பையே பார்க்க வேண்டும்.

திருகாணி

பம்ப்செட் அண்ணா சொல்வது சரி. என் டி5-ஐ ரப்பர் வாஷர் போட்டுத்தான் முடுக்கினேன். இருந்தும் முதலில் அவ்வளவாகப் பலன் தெரியவில்லை. அது ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

பம்ப்செட்

முடுக்கினீர்கள் என்று நீங்களே சொல்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பலருக்கும் உதவும்.

ஒரு எடையை ஸ்பிரிங் மேல் வைத்தால் அதற்கென்று ஒரு இயல்பான ஆட்ட வேகம் உண்டு. எடை உட்காரும்போது ஸ்பிரிங் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். 15.8-ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஆட்ட வேகம் ஹெர்ட்ஸில் கிடைக்கும். 1 மில்லிமீட்டர் அமுங்கினால் கிட்டத்தட்ட 16 ஹெர்ட்ஸ். 4 மில்லிமீட்டர் என்றால் 8. வெறும் 0.1 மில்லிமீட்டர் அமுங்கினால் 50 ஹெர்ட்ஸ். ரப்பர், ஸ்பாஞ்சுக்கு இது தோராயக் கணக்குதான், ஆனாலும் வழிகாட்டும்.

இந்த இயல்பு வேகத்தைப்போல 1.4 மடங்குக்கு மேலே உள்ள அதிர்வை மட்டும்தான் ஸ்பிரிங் தடுக்கும். அதற்குக் கீழே தடுக்காது, இரண்டும் நெருங்கி வந்தால் பெருக்கியே விடும். பம்ப் 2400 சுற்றில் ஓடினால் அதிர்வு 40 ஹெர்ட்ஸ். 1 மில்லிமீட்டர் அமுங்கும் மெத்தென்ற ஸ்பாஞ்ச் மேல் வைத்தால் அந்த அதிர்வில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கீழே இறங்கும். கெட்டியான ரப்பர் வாஷர் போட்டு போல்ட்டை இறுக்கினால் அது அமுங்குவதே 0.1 மில்லிமீட்டர்தான், ஆட்ட வேகம் 50 ஹெர்ட்ஸ், பம்போ அதன் பக்கத்திலேயே ஓடுகிறது. ரப்பர் போட்டும் சத்தம் கூடிவிட்டது என்று சிலர் சொல்வது கற்பனை இல்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது. அதோடு, இறுக்கிய போல்ட் ரப்பரைத் தாண்டி நேராக இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் ரப்பர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

போல்ட்டை விடுங்கள். பம்ப் தன் எடையில் சும்மா உட்கார வேண்டும். பம்ப் லேசானது என்பதால் ஸ்பாஞ்ச் மிகவும் மெத்தென்று இருக்க வேண்டும். விரலால் லேசாகத் தொட்டாலே அமுங்குகிற வகையாகப் பாருங்கள்.

நெக்கர்கரை

இங்கே ஜெர்மனியில் இதற்கென்றே ஷாகி சாண்ட்விச் என்று ஒரு பொருள் பல காலமாக விற்பனையில் இருக்கிறது. ஸ்பாஞ்ச் அடுக்குகளை ஒட்டி, அதன்மேல் பம்பை வைக்கும் சாதாரண ஏற்பாடு. பம்ப்செட் அண்ணா போட்ட கணக்கைப் பார்த்தபின் அது ஏன் வேலை செய்கிறது என்று தெளிவாகிறது.

இன்னொரு தகவல். கணினி வாட்டர் கூலிங்கின் பம்புகளில் பாதி வரலாறு நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கிறது. டி5, டிடிசி இரண்டையும் வடிவமைத்த லைங் நிறுவனம் ஸ்டுட்கார்ட்டுக்கு வடக்கே ரெம்செக் என்ற ஊரில் இருந்தது. 2009-ல் ஐடிடி அதை வாங்கியது. 2011-ல் ஐடிடியிலிருந்து பிரிந்த சைலம் நிறுவனத்துக்கு அது போனது. அதற்கு முந்தைய தலைமுறை இங்கே கணினிக்குள் வைத்தது ஐஹைம் மீன்தொட்டிப் பம்பை. ஐஹைம் இருக்கும் டைசிசாவ் ஊரும் நெக்கர் கரைதான்.

டி5 அமைதியாக இருப்பதற்கு அதன் மோட்டாரின் அமைப்பு ஒரு காரணம். வழக்கமான தண்டு கிடையாது, தண்டைச் சுற்றி சீலும் கிடையாது. அரைக்கோள வடிவ ரோட்டர் ஒரே ஒரு பீங்கான் உருண்டைமேல் உட்கார்ந்து சுற்றுகிறது. உராய்வுக்கு எண்ணெய் அந்தத் தண்ணீர்தான். அதனால்தான் தண்ணீர் இல்லாமல் ஒருபோதும் ஓட்டக்கூடாது என்கிறோம். சில நொடி வறண்டு ஓடினாலும் உருண்டையும் அதன் இருக்கையும் தேய ஆரம்பிக்கும், பிறகு எந்த வேகத்தில் ஓட்டினாலும் கரகரப்பு போகாது.

இளவேனில் (பெங்களூரு)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். புது லூப்புக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்? இருக்கிற ஏஐஓ பம்பின் வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாமே. ஏஐஓ பம்பை 100 சதவீதத்தில்தான் ஓட்ட வேண்டும் என்று பலர் சொல்கிறார்களே, அது உண்மையா?

மின்தச்சன் (மதுரை)

எந்த ஏஐஓ என்பதைப் பொறுத்தது. வேகக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத, வெறும் 12 வோல்ட் எதிர்பார்க்கும் பம்ப் என்றால் மதர்போர்டில் வோல்ட்டேஜைக் குறைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் அந்த 12 வோல்ட்டில்தான் பிழைக்கிறது. குறைத்தால் ஒருநாள் பம்ப் சுழலத் தொடங்காமலே நின்றுவிடும். 100 சதவீத அறிவுரை அதற்கானது.

பிடபிள்யூஎம் வயர் (வேகக் கட்டளையைக் கொண்டுபோகும் வயர்) உள்ள பம்பும், யுஎஸ்பி வழியாகச் சாஃப்ட்வேரில் வேகம் மாற்றும் பம்பும் வேறு ரகம். அவற்றைக் குறைத்து ஓட்டுவதற்கென்றே வடிவமைத்திருக்கிறார்கள். ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 2-வின் பம்ப் 800 முதல் 2000 சுற்று வரைதான். 2800 வரை போகும் கிராக்கன் எக்ஸ்62 கூட 1600 வரை இறங்கும். நள்ளிரவுக்குரல் சார், உங்கள் கூலரின் சாஃப்ட்வேரில் அமைதி என்று ஒரு நிலை இருக்கும், முதலில் அதைப் போடுங்கள். காசு செலவில்லை.

ஒரு எச்சரிக்கை. பம்புக்குப் போகும் 12 வோல்ட் லைனையே வெட்டி வெட்டிக் கொடுக்கும் மலிவான வேகக் கட்டுப்பாட்டுப் பலகைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை வெட்டும் வேகம் பெரும்பாலும் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருக்கும். பம்பின் ரீங்காரம் போய், மோட்டாரின் கம்பிச்சுருள் கீச்சிடும். மதர்போர்டின் நான்காம் வயரில் வரும் பிடபிள்யூஎம் சிக்னல் 25 கிலோஹெர்ட்ஸ், மனிதக் காதின் எல்லையான 20-க்கு மேலே. அது மின்சாரத்தை வெட்டுவதில்லை, பம்புக்குள் இருக்கும் டிரைவருக்குக் கட்டளை மட்டும் கொடுக்கிறது. நான்கு வயர் பம்பையே வாங்குங்கள்.

நள்ளிரவுக்குரல்

அமைதி நிலையில் போட்டேன். 1700-க்குப் பக்கத்தில் ஓடுகிறது. 280-ல் நின்ற முள் 170-க்கு இறங்கி, உயரமும் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் 2000-ஐ ஒட்டி ஓட்டும்போது மட்டும் கேபினட் முழுக்க உறுமுகிறது. அதைவிட வேகமாக ஓட்டினால்கூட அந்த உறுமல் இல்லை. இது எப்படி?

பம்ப்செட்

2000 என்றால் இதழ்க் கணக்கில் 200 ஹெர்ட்ஸ். உங்கள் கேபினட்டில் ஏதோ ஒரு தகட்டின் சொந்தச் சுருதி அங்கே இருக்கிறது. பம்பும் தகடும் ஒரே சுருதியில் சேர்ந்துகொள்கின்றன. வேகம் குறையக் குறையச் சத்தமும் ஒழுங்காகக் குறையும் என்று எண்ணக்கூடாது, நடுவில் இப்படி மேடுகள் வரும். கீழிருந்து மேலே மெதுவாக வேகத்தை ஏற்றி, எங்கெங்கே உறுமுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வேகங்களைத் தாண்டி ஓட்டுங்கள். தகட்டின் உட்புறத்தில் கார் கதவுக்குள் ஒட்டும் பிட்டுமென் ஷீட்டை ஒட்டினால் அந்த மேடு தாழும்.

அதனால்தான், தண்ணீர்ச் சூட்டைப் பார்த்துப் பம்ப் வேகத்தைத் தானாக ஏற்றி இறக்கும் அமைப்பு பதிவு அறைக்கு வேண்டாம் என்பேன். ஒரே வேகத்தில் நிறுத்திவிடுங்கள். ஏறி இறங்கும் சத்தத்தைக் காது உடனே கவனிக்கும். நிலையாக நின்றால் சற்று நேரத்தில் மறந்துவிடும்.

இளவேனில்

மே மாதம் அறையே 35 டிகிரி இருக்கும்போது பம்பைக் குறைத்தால் சூடு ஏறாதா? நான் கோடையில் பம்பை முழு வேகத்தில் வைக்கிறேன்.

பம்ப்செட்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 வாட் சூடு. நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் ஓடினால், பிளாக்குகளுக்குள் (பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் உலோகக் கட்டிகளுக்குள்) நுழையும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் 4.3 டிகிரி வித்தியாசம். 2 லிட்டர் ஓடினால் 2.15 டிகிரி. 4 லிட்டர் ஓடினால் 1 டிகிரிக்குச் சற்று மேல். 1-லிருந்து 2-க்குப் போவது பயன் தரும். 2-லிருந்து 4-க்குப் போனால் கிடைப்பது ஒரே ஒரு டிகிரி, அதற்காகப் பம்பை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்ட வேண்டும். வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்கு, மின்சாரம் எட்டு மடங்கு. சத்தம் எங்கே போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பிளாக்குக்குள் நீரோட்டம் குறையும்போது சூட்டைப் பிடுங்கும் திறனும் கொஞ்சம் குறையும், அதைச் சேர்த்தாலும் பெரிதாக மாறாது.

அறை 35 என்றால் தண்ணீர் 45-ஐத் தொடலாம். தண்ணீர் அறையைவிட எத்தனை டிகிரி கூடுதலாக இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது ரேடியேட்டரின் பரப்பும் அதன் வழியே போகும் காற்றும்தான். பம்பை விரட்டினால் அது மாறாது. சூட்டுக்குப் பயந்தால் பெரிய ரேடியேட்டர் போடுங்கள். டி5-க்குத் தண்ணீர் 60 டிகிரி வரை போகலாம் என்று எல்லை கொடுத்திருக்கிறார்கள், 45 அதற்கு ஒன்றுமே இல்லை.

திருகாணி

இதை வழிமொழிகிறேன். டி5 வேரியோவில் 1 முதல் 5 வரை திருகு இருக்கும். 1-ல் சுமார் 1800 சுற்று, 5-ல் சுமார் 4800. எனக்கு ஒரு சிபியூ பிளாக், ஒரு ஜிபியூ பிளாக், இரண்டு ரேடியேட்டர். திருகு 2-க்கு மேலே போகவேண்டிய தேவையே வந்ததில்லை. 5-ல் வைத்தால் அடுத்த அறையில் கேட்கும்.

கடல்நுரை (தூத்துக்குடி)

செலவைக் குறைக்க ஒரு கேள்வி. சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் மீன்தொட்டிப் பம்ப் மலிவாகக் கிடைக்கிறது. நெக்கர்கரை அண்ணா சொன்ன ஐஹைம் மாதிரி அதையே போட்டால் என்ன?

நெக்கர்கரை

ஐஹைம் 1046 மணிக்கு 300 லிட்டர், 5 வாட். 1048 மணிக்கு 600 லிட்டர், 10 வாட். இவை அளவில் சின்னவை, நன்றாக உழைப்பவை. ஆனால் அவை வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் சின்க்ரோனஸ் மோட்டார்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், காந்தம் இழுப்பதும் தள்ளுவதுமாக 100 ஹெர்ட்ஸில் முனகும். வேகத்தை மாற்றவே முடியாது. அக்வா கம்ப்யூட்டர் நிறுவனம் அதே 1046-ஐ எடுத்து, அலைவரிசையை மாற்றித் தரும் எலக்ட்ரானிக்ஸை வைத்து, 12 வோல்ட்டில் ஓடும் அக்வாஸ்ட்ரீம் என்று விற்றது இதற்காகத்தான்.

மின்தச்சன்

நம் ஊரில் இன்னொன்றும் சேரும். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது, அது சுத்தமான சைன் அலை தராத இன்வெர்ட்டராக இருந்தால், மீன்தொட்டிப் பம்ப் உறும ஆரம்பிக்கும். அந்தச் சதுர அலையில் 50-க்கு மேலே 150, 250 என்று நிறைய அலைவரிசைகள் கலந்திருக்கும், காந்தம் அத்தனைக்கும் ஆடும். கணினிப் பம்புக்கு அந்தக் கவலை இல்லை. எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றையும் 12 வோல்ட் டிசியாக மாற்றித்தான் கொடுக்கிறது. தவிர 230 வோல்ட் பம்பைக் கணினிக்குள் தண்ணீரோடு வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இருக்கிற காசைச் சேர்த்துவைத்து 12 வோல்ட் பம்பே வாங்குங்கள் தம்பி.

நள்ளிரவுக்குரல்

போனில் டெசிபெல் ஆப் போட்டு, முன்னாலும் பின்னாலும் அளந்து இங்கே போடலாம் என்று பார்த்தேன். எல்லா வேகத்திலும் 31, 32 என்றே காட்டுகிறது.

மின்தச்சன்

போனின் மைக் அதற்குக் கீழே பார்க்காது சார். அது மெம்ஸ் என்ற சின்னஞ்சிறு சில்லு வகை. சிக்னலுக்கும் அதன் சொந்த இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசம் 65 டெசிபெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அளப்பது 94 டெசிபெல்லில். 94-ல் 65 போனால் 29. அறையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் மைக் தானாக 29 டெசிபெல் இரைச்சலைப் போட்டுக்கொண்டிருக்கும். 25 டெசிபெல் பம்பை அது எப்படி அளக்கும்? கனடாவின் சைலன்ட் பிசி ரிவ்யூ தளத்தார் பம்பையும் ஃபேனையும் அளப்பதற்காகவே சுமார் 11 டெசிபெல் அமைதியுள்ள எதிரொலியற்ற அறையைக் கட்டிவைத்திருந்தார்கள். வீட்டில் நமக்கு எண் வேண்டாம். உங்கள் ஒலிப்பதிவு மைக்கை ஒரே இடத்தில் வைத்து, கெயினைத் தொடாமல், வேகத்தை மாற்றி மாற்றிப் பதிந்து ஸ்பெக்ட்ரத்தை ஒப்பிடுங்கள். உங்கள் காதுக்கும் வேலைக்கும் அதுவே சரியான அளவுகோல்.

மணல்வீடு (சென்னை)

என்னிடம் டிடிசி இருக்கிறது. மெத்தென்ற ஸ்பாஞ்சுக்குள் முழுக்கச் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டால் சத்தம் அடங்குமா?

திருகாணி

செய்யாதீர்கள்! டிடிசியின் அடிப்பகுதி கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும். 18 வாட் வகைக்கு அடியில் ஹீட்சிங்க் தனியாக விற்பதே அதற்காகத்தான். நாலு பக்கமும் ஸ்பாஞ்ச் சுற்றினால் எலக்ட்ரானிக்ஸ் வெந்துவிடும். ஹீட்சிங்கைப் போட்டு, அதன் மூலைகளை மட்டும் ஸ்பாஞ்சில் உட்கார வையுங்கள், அடியில் காற்று ஓடட்டும். டி5-இன் மோட்டார்ச் சூடு பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே போய்விடும், அதற்கு இந்தச் சிக்கல் குறைவு.

மணல்வீடு

சரி அண்ணா, நல்லவேளை கேட்டேன். லூப்பில் தண்ணீர் நிரப்பிய நாளிலிருந்து சலசலவென்று ஒரு சத்தமும் வருகிறது. அதுவும் பம்பா?

பம்ப்செட்

அது காற்று. தோட்டத்துப் பம்பில் ஏர்லாக் என்போமே, அதன் சின்ன உருவம். குமிழி இம்பெல்லருக்குள் புகுந்து நொறுங்கும்போது கல் உருள்வது மாதிரி கேட்கும். ரிசர்வாயர் (லூப்பின் தண்ணீர்த் தொட்டி) பம்புக்கு மேலே, பம்பின் வாய்க்கு நேராகத் தண்ணீர் விழுகிற மாதிரி இருக்க வேண்டும். திரும்பி வரும் தண்ணீர் ரிசர்வாயருக்குள் மேலிருந்து கொட்டக்கூடாது, நீர்மட்டத்துக்குக் கீழே நுழைய வேண்டும். கேபினட்டை இப்படியும் அப்படியும் சாய்த்து, பம்பை மெதுவாகவும் வேகமாகவும் மாற்றி ஓட்டுங்கள், ரேடியேட்டரின் மூலையில் ஒளிந்திருக்கும் காற்று ரிசர்வாயருக்கு வந்து சேரும். காற்று முழுக்க வெளியேறும் முன்பு எந்தப் பம்பையும் சத்தக்காரப் பம்ப் என்று தீர்மானிக்காதீர்கள்.

மின்தச்சன்

ஏஐஓ வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அதில் பம்ப் சிபியூ மேல் இருக்கிறது. ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் காற்று ரேடியேட்டரில் தங்கும். ரேடியேட்டரைக் கேபினட்டின் அடியில் மாட்டினால் காற்று ஏறி பம்பில் உட்கார்ந்துகொள்ளும். குழாய்ச் சுவர் வழியாகவே வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஆவியாகப் போகும் என்பதால், புதிதில் அமைதியாக இருந்த ஏஐஓ சில வருடம் கழித்துச் சலசலக்க ஆரம்பிக்கும்.

இளவேனில்

இரண்டு டி5-ஐத் தொடராக மாட்டி, இரண்டையும் மெதுவாக ஓட்டினால் ஒரு பம்பைவிட அமைதியாக இருக்குமா?

பம்ப்செட்

வேகம் சற்று குறையும், உண்மை. ஆனால் இரண்டு பம்ப் ஒரே வேகத்தில் நிற்காது. ஒன்று 2400, மற்றது 2430 என்று வையுங்கள். இதழ்ச் சுருதியில் 240-ம் 243-ம். இரண்டும் சேர்ந்து வினாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும். ‘வ்வூ வ்வூ வ்வூ’ என்று கேட்கும் அது, நிலையான ரீங்காரத்தைவிடப் பல மடங்கு எரிச்சல் தரும். ஒரே பம்புக்கு மேலே வேண்டாம். பம்ப் நின்றுபோனால் மாற்று வேண்டும் என்பவர்களுக்கு மட்டும்தான் இரண்டு.

நள்ளிரவுக்குரல்

எல்லோருக்கும் நன்றி. பிட்டுமென் ஷீட் ஒட்டியதில் உறுமல் தணிந்திருக்கிறது. ஏஐஓ அமைதி நிலையில் பகல் பதிவுகளுக்குப் போதும். இரவில், தெரு அடங்கியபின், அந்த 170 ஹெர்ட்ஸ் இன்னும் லேசாகத் தெரிகிறது. ஏஐஓவில் பம்ப் மதர்போர்டோடு இறுக்கிக் கட்டப்பட்டிருப்பதால் ஸ்பாஞ்ச் போட வழியில்லை. அதனால் ஒரு யோசனை. பக்கத்து அறையில் டி5, ரிசர்வாயர், பெரிய ரேடியேட்டர் எல்லாவற்றையும் வைத்து, சுவரில் துளை போட்டு இரண்டு குழாய் மட்டும் இந்த அறைக்குக் கொண்டுவந்தால்? அந்த அறையின் தரை இதைவிட ஒன்றரை அடி தாழ்வு. பம்ப் தண்ணீரை மேலே ஏற்றத் திணறாதா?

பம்ப்செட்

திணறாது. மூடிய சுற்றில் உயரம் கணக்கில் வராது. ஏறும் தண்ணீரின் எடையை இறங்கும் தண்ணீரின் எடை சமன் செய்துவிடும். பம்ப் ஜெயிக்க வேண்டியது உராய்வை மட்டும்தான். முதல்முறை நிரப்பும்போது மட்டும் உயரம் தெரியும், அப்போது முழு வேகத்தில் ஓட்டுங்கள்.

உள்விட்டம் 10 மில்லிமீட்டர் குழாய், போக வர மொத்தம் 10 மீட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று வைத்தால் குழாயில் இழக்கும் ஹெட் (தண்ணீரை எத்தனை மீட்டர் உயரம் தூக்கும் அழுத்தம் என்ற கணக்கு) சுமார் 0.3 மீட்டர்தான். டி5 முழு வேகத்தில் ஏறத்தாழ 4 மீட்டர் ஹெட் கொடுக்கும், பாதி வேகத்தில் 1 மீட்டர். பிளாக்குகளும் ரேடியேட்டரும் தங்கள் பங்கைச் சாப்பிடும் என்பதால் பாதி வேகத்துக்குக் கொஞ்சம் மேலே வைக்க வேண்டிவரும். பம்ப்தான் அடுத்த அறைக்குப் போய்விட்டதே, தாராளமாக வையுங்கள்.

நெக்கர்கரை

இங்கே பலர் வாட்டர்கூல் நிறுவனத்தின் மோரா 3 ரேடியேட்டரை இப்படி வெளியே வைக்கிறார்கள். 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்பது மாட்டும் அளவு, 300 வாட்டுக்குத் தாராளம், ஃபேன்களும் மெதுவாகவே சுற்றினால் போதும். கேபினட் பின்னால் குழாய் சேரும் இடத்தில் குயிக் டிஸ்கனெக்ட் போட்டுக்கொள்ளுங்கள், கணினியைத் திறக்கும்போது தண்ணீரை வடிக்க வேண்டாம். அது நீரோட்டத்தைக் கொஞ்சம் தடுக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

பம்ப்செட்

சுவர்த் துளையைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். குழாயைத் துளைக்குள் சிமென்ட் வைத்து இறுக்காதீர்கள். பம்பின் துடிப்பு தண்ணீர் வழியாகவும் குழாய்ச் சுவர் வழியாகவும் வரும், சுவரைத் தொட்டால் சுவர் முழுக்கப் பரவும். குழாயைவிட ஒரு விரல் அகலமாகத் துளை போட்டு, குழாய்க்கு ஏசிக்காரர்கள் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்ச் உறையை மாட்டி, இரண்டு பக்கமும் துணியோ ஸ்பாஞ்சோ அடைத்து விடுங்கள். கடினமான அக்ரிலிக் குழாய் வேண்டாம், மெத்தென்ற ரப்பர் குழாயே எடுங்கள். பம்ப் பக்கத்தில் ஒரு முழ நீளமாவது வளைவாகத் தொங்கட்டும், நேராக இழுத்துக் கட்டாதீர்கள். கேபினட் பின்னால் குழாய் நுழையும் இடத்திலும் இரும்பு விளிம்பில் உராயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவுக்குரல்

ஏசி மெக்கானிக்கிடம் உறைக்குச் சொல்லியிருக்கிறேன். மோரா இங்கே உடனே கிடைக்காது என்பதால், 120 மில்லிமீட்டர் ஃபேன் மூன்று மாட்டும் 360 ரேடியேட்டர் இரண்டைப் பக்கத்து அறையில் ஒரு மரச் சட்டத்தில் மாட்டலாம் என்று இருக்கிறேன். 300 வாட்டுக்குப் போதுமா?

திருகாணி

போதும். ஃபேன்கள் 800 சுற்றில் நிம்மதியாக ஓடும். சட்டத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டாமல் தரையில் ரப்பர் கால் வைத்து நிறுத்துங்கள்.